பழுப்பு என்று சொன்னேன்

மொந்தெவிதேயோ பேருந்து நிலையம்,
கீழ்த்தளம், கழிப்பறையை அடுத்த கதவு.
தொலைந்ததெல்லாம் என் பொறுப்பு.
பதினொரு வருஷம்.

குடைகளுக்கு ஒரு தட்டு.
மாத்தே குடிக்கிற சுரைக்குடுவைகளுக்கு ஒன்று,
வெந்நீர் பிளாஸ்குகள் தனி.
ஒரு பல்செட், ஒரு தூண்டில்,
இடது காலுக்கு மட்டும் ஒரு கால்பந்து பூட்ஸ்.
எதில் சேர்ப்பதென்று தெரியாதவை
கடைசித் தட்டில்.
அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டினேன்: ‘இன்னும்’.

யோசனை அங்கேதான் பிடித்துக்கொண்டது.
பச்சைத் தேநீர் ஆறும்வரை
நோட்டில் எழுதுவேன், எண் போட்டு.

ஒன்று: கருத்து என்பது ஒரு தட்டு.

துணி போன குடைக்கம்பி ஒன்று
இரண்டு மாதம் குடைகளோடு கிடந்தது.
தேடி வந்தவர் குடை என்ற சொல்லையே எடுக்கவில்லை.
“என் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்தது,
எங்கேம்மா அது?” என்றார்.
ஒன்றை அடித்தேன்.
ஒன்று, மறுபடியும்:
தட்டு இல்லை; தேடி வருகிறவர்.

அப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன்.
என்ன நிறம் என்று கேட்டால்
நிறத்தைச் சொல்கிறவர் குறைவு.
அக்கா பார்த்ததும் முகம் சுளிக்கிற கோட்டு.
மருமகன் கேலி பண்ணுகிற பை.
வகுப்பில் எல்லாரும் தொட்டுப் பார்த்த பென்சில் பெட்டி
(சின்னப் பெண், சிரித்துவிட்டு அழுதாள்).

பதினேழு: நம் சாமானை நாம் பார்ப்பதே கிடையாது.
மற்றவர் பார்த்ததைப் பார்த்திருக்கிறோம்.

வால்தெமார் மேல்தளத்தில் மூட்டை ஏற்றுகிறவன்.
அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.
“நெலிடா, உனக்குப் பசி” என்றான்.
பசி அவனுக்குத்தான்.
இருவருமாக ஆளுக்கொரு எம்பனாதா தின்றோம்.
பதினெட்டு அப்படி வந்தது:
பிறர் மனசைப் படிக்கும்போது
நம் வயிறு உரக்கப் பேசும்.

ஆகஸ்டு. ஆற்றுப் பக்கமிருந்து
காது அறுந்துபோகிற காற்று.
பல்வலி. மாலை பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.
இறங்கி நாலு தெரு நடந்த பிறகுதான்
கை வெறுமையாக இருந்தது தெரிந்தது.

மறுநாள் பல் பிடுங்க விடுப்பு.
என் நாற்காலியில் வால்தெமார்.
கவுண்ட்டரின் அந்தப் பக்கம் நான்,
பதினொரு வருஷத்தில் முதல் தடவை,
கன்னத்தில் பஞ்சு.

“என்ன நிறம்?”
பழுப்பு என்று சொன்னேன்.
“உள்ளே?”

சொல்ல ஆரம்பித்தேன்.
தக்காளிக்காரர் எப்படியோ பெண்ணாகிவிட்டார்.
அவர் வளர்த்தது ரோஜா.
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்
நான் எழுதவே எழுதாத ஒன்று வாயில் வந்தது:
புதிதாய்த் தோன்றுவதெல்லாம்
மறந்ததை இன்னொருவர் முகத்துக்கு நேரே
அடைக்கப் பார்த்த ஓட்டை.

பாதி மரத்த வாயால் சொன்னேன்.
அவன் படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தான்,
நாக்கைக் கடித்தபடி, மெதுவாக.

நோட்டு அவனிடம்தான் இருந்தது.
முதல் பக்கத்தில் தக்காளியைப் பார்த்துவிட்டு
சமையல் குறிப்புகளோடு வைத்திருந்தான்.
மேசைமேல் போட்டான்.

பச்சை.
வெந்நீர்க் கறையோடு, இலைப் பச்சை.

நிறம் தப்பினால் கொடுக்கக் கூடாது.
அந்த விதியைச் சுவரில் எழுதியது நான்,
பெரிய எழுத்தில்.
அவன் சுவரைப் பார்த்தான்.
அவன் பார்ப்பதை நான் பார்த்தேன்.
நான் பார்ப்பது தெரிந்தும்
அவன் சிரிக்காமல் இருந்தான், கஷ்டப்பட்டு.

“நாளைக்கு வாருங்கள், செனோரா.”
நோட்டை எடுத்து ‘இன்னும்’ தட்டில் வைத்தான்.

படிவத்தின் நகல் மட்டும் கிடைத்தது.
பஸ்ஸுக்கு நின்றபடி படித்தேன்.
ஓட்டை என்று நான் சொன்ன இடத்தில்
வாசல் என்று எழுதியிருக்கிறான்.

பஞ்சின் குற்றமாக இருக்கலாம்.
பேனா இருந்தது பையில்.
திருத்தவில்லை.